வாஷிங்டனின் நிலக் கடிதங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜார்ஜ் வாஷிங்டனைப் படைத்தளபதியாகவும் அமெரிக்காவின் முதல் ஜனாதிபதியாகவும் எல்லோருக்கும் தெரியும். வாழ்நாள் முழுக்க அவர் நிலம் வாங்கினார், அதைப் பற்றி விடாமல் கடிதம் எழுதினார் என்பது பாடப்புத்தகங்களில் அதிகம் வருவதில்லை. அந்தக் கடிதங்களைப் பற்றி வாசகர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே இருக்கின்றன.

கேள்வி: அவரை நில வியாபாரி என்பது மிகையில்லையா? அந்தக் காலத்தில் வசதியான எல்லோரிடமும் நிலம் இருந்ததே?

மிகையில்லை. பயிர் செய்ய நிலம் வைத்திருப்பது ஒன்று. மலிவாகக் கிடைக்கும்போது வாங்கிப் போட்டுவிட்டு, ஜனங்கள் குடியேறி விலை ஏறும்வரை காத்திருப்பது இன்னொன்று. வாஷிங்டன் இரண்டையும் செய்தார். போடோமாக் ஆற்றங்கரையில் இருந்த மவுன்ட் வெர்னன் பண்ணை முதல் வகை. அப்பலாச்சியன் மலைகளுக்கு மேற்கே, ஒஹாயோ ஆற்றின் ஓரமாகவும் கனாவா ஆற்றின் ஓரமாகவும் அவர் சேர்த்தது இரண்டாவது வகை.

இது நாம் ஊகித்துச் சொல்வதல்ல. 1767 ஜூனில், கடனில் மூழ்கிக்கொண்டிருந்த ஜான் போசி என்ற பக்கத்துப் பண்ணைக்காரருக்கு அவரே எழுதிய கடிதத்தில் கணக்கு தெளிவாக இருக்கிறது. நம் காலனியின் பெரிய சொத்துகளெல்லாம் எப்படி வந்தன என்று கேட்கிறார். யாரும் மதிக்காத காலத்தில் உள்நாட்டின் வளமான நிலங்களை மிகக் குறைந்த விலைக்கு வாங்கியதால்தானே, அவைதானே இன்று நம்மிடமுள்ள மிக மதிப்புள்ள நிலங்கள் என்று அவரே பதிலும் சொல்கிறார். கையில் கொஞ்சமே பணம் உள்ள ஒருவர்கூட மனோங்கஹேலா ஆற்றுப் பக்கம் போய்த் தனக்கும் தன் சந்ததிக்கும் பெரிய சொத்துக்கு அடித்தளம் போடலாம் என்று போசிக்கு யோசனை சொல்கிறார். அப்போது வாஷிங்டனுக்கு வயது 35.

கேள்வி: நிலத்தின் மேல் இந்த ஆர்வம் எப்போது தொடங்கியது?

சர்வே வேலையில். 1748இல், 16 வயதில், ஃபேர்ஃபாக்ஸ் பிரபுவின் நிலங்களை அளக்கப் போன குழுவோடு ஷெனன்டோவா பள்ளத்தாக்குக்குப் போனார். அடுத்த வருடமே கல்பெப்பர் மாவட்டத்தின் அதிகாரபூர்வ சர்வேயர் ஆனார். கிடைத்த கூலியை வீணாக்காமல் 1750இல் புல்ஸ்கின் ஓடைப் பக்கம் முதல் நிலத்தை வாங்கினார். சர்வேயருக்கு ஒரு வசதி உண்டு. எந்த மண் கறுப்பு, எந்த ஓடை வற்றாது, எந்த இடத்தில் மாவு மில் கட்டலாம் என்பது பத்திரம் எழுதுகிறவருக்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். கடைசிவரை வாஷிங்டனின் கடிதங்களில் இந்த சர்வேயரின் கண் இருக்கிறது. ஆற்றங்கரைத் தாழ்நிலம், புல்வெளி, மில்லுக்குத் தண்ணீர் என்றுதான் ஒவ்வொரு இடத்தையும் விவரிப்பார்.

கேள்வி: எல்லோரும் மேற்கோள் காட்டும் 1767 கடிதத்தில் என்ன இருக்கிறது?

நில வியாபாரி வாஷிங்டனைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு கடிதம்தான் படிக்க முடியும் என்றால் அது இதுதான். 1767 செப்டம்பரில் வில்லியம் க்ராஃபோர்ட் என்ற பழைய படைத்தோழருக்கு எழுதியது.

பின்னணி இது. பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த போர் முடிந்ததும், 1763 அக்டோபர் 7 அன்று பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் ஜார்ஜ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். அப்பலாச்சியன் மலைமுகட்டுக்கு மேற்கே உள்ள நிலம் பூர்வகுடிகளுக்கு ஒதுக்கப்பட்டது. குடியேற்றக்காரர்கள் அங்கே போகக்கூடாது, நிலம் அளக்கக்கூடாது, வாங்கவும் கூடாது.

க்ராஃபோர்டோ மலைக்கு அந்தப் பக்கம், இன்றைய பென்சில்வேனியாவில் யாக்கியகேனி ஆற்றங்கரையில் குடியிருந்தார். அவருக்கு வாஷிங்டன் எழுதுகிறார்: அந்தப் பிரகடனத்தை, நமக்குள் மட்டும் சொல்கிறேன், பூர்வகுடிகளின் மனதை அமைதிப்படுத்தச் செய்த தற்காலிக ஏற்பாடாகத்தான் நான் பார்க்கிறேன், சில வருடங்களில் அது தானாக விழுந்துவிடும். இப்போது நல்ல நிலத்தைத் தேடி, மற்றவர் வந்து உட்காராதபடி அடையாளம் போட்டு வைக்காதவருக்கு இந்த வாய்ப்பு மறுபடி கிடைக்காது.

பிறகு ஏற்பாட்டைச் சொல்கிறார். நிலத்தைத் தேடுவது க்ராஃபோர்டின் வேலை. அளவைச் செலவு, பட்டா செலவு எல்லாம் வாஷிங்டனுடையது. கிடைப்பதில் க்ராஃபோர்டுக்கு நியாயமான பங்கு. சாதாரண நிலமோ நடுத்தரமான நிலமோ வேண்டவே வேண்டாம். வளமாகவும் சமதளமாகவும் இருக்க வேண்டும். முக்கியமாக, விஷயம் வெளியே தெரியக்கூடாது. மன்னரின் பிரகடனத்தைப் பற்றி இப்படிச் சொன்னதற்காகத் தன்னைக் கண்டிக்கலாம் என்பதை அவரே எழுதுகிறார். அதோடு, விஷயம் கசிந்தால் மற்றவர்களும் இதே வேலையில் இறங்கிப் போட்டிக்கு வந்துவிடுவார்கள் என்ற கவலையும் இருக்கிறது. அதனால் வேட்டையாடப் போகிற மாதிரி போய்க் காரியத்தைச் சத்தமில்லாமல் முடிக்கச் சொல்கிறார். அந்த மாதக் கடைசியிலேயே க்ராஃபோர்ட் பதில் எழுதிவிட்டார். முழுச் சம்மதம்.

சட்டத்தை ஒருவர் மீறத் தயாராக இருந்தார் என்பதோடு இந்தக் கடிதத்தின் முக்கியத்துவம் முடிந்துவிடுவதில்லை. ஒரு அரசின் வாக்குறுதி நிற்காது என்று எதிர்பார்த்து, அந்த எதிர்பார்ப்பின் மேலேயே முதலீடு செய்வதை இதில் பார்க்கிறோம். அவர் கணித்தபடிதான் நடந்தது. 1768இல் ஸ்டான்விக்ஸ் கோட்டை ஒப்பந்தத்தில் இரோக்வாய் கூட்டமைப்பினர் ஒஹாயோ ஆற்றுக்குத் தெற்கே பெரும் பகுதியை பிரிட்டனுக்கு எழுதிக்கொடுத்தார்கள். அங்கே காலங்காலமாக வேட்டையாடி வந்த ஷாவ்னி மக்களை யாரும் கேட்கவில்லை.

கேள்வி: க்ராஃபோர்ட் என்ன ஆனார்?

பல வருடம் வாஷிங்டனுக்காக நிலம் தேடி அளந்தார். இன்றைய பென்சில்வேனியாவிலும் மேற்கு வர்ஜீனியாவிலும் வாஷிங்டன் பெயரில் இருந்த நிலங்களில் பல இவர் அளந்து கொடுத்தவை. சுதந்திரப் போரில் கர்னலாகப் பணியாற்றினார்.

1782 மார்ச்சில் ஒஹாயோவின் நாடன்ஹட்டன் கிராமத்தில், கிறிஸ்தவத்தைத் தழுவியிருந்த டெலாவேர் பூர்வகுடிகள் 96 பேரைப் பென்சில்வேனியாப் படையினர் கொன்றார்கள். குழந்தைகளும் அதில் அடக்கம். அதே ஆண்டு க்ராஃபோர்ட் தலைமையில் சாண்டஸ்கி நோக்கிப் போன இன்னொரு படை தோற்றது. பிடிபட்ட க்ராஃபோர்டை ஜூன் 11 அன்று டெலாவேர் மக்கள் சித்திரவதை செய்து எரித்துக் கொன்றார்கள். நாடன்ஹட்டனுக்குப் பழிவாங்கல் அது. க்ராஃபோர்ட் அந்தக் கிராமத்துக்குப் போனவர் இல்லை. ஆகஸ்டில் ஜெனரல் இர்வினுக்கு எழுதிய கடிதத்தில், அவருடைய முடிவு தன்னை மிகவும் பாதித்ததாக வாஷிங்டன் சொல்கிறார்.

இருவரின் கடிதங்களையும் வரிசையாகப் படித்துவிட்டு இந்த இடத்துக்கு வந்தால் மனம் கனத்துப்போகும். ஏக்கர், ஓடை, எல்லைமரம் என்று போய்க்கொண்டிருந்த பேச்சு இப்படி முடிகிறது.

கேள்வி: படைவீரர்களுக்கு வாக்களித்த நிலத்தில் வாஷிங்டனுக்கு மட்டும் அவ்வளவு எப்படிச் சேர்ந்தது?

1754 பிப்ரவரியில் வர்ஜீனியாவின் துணை ஆளுநர் டின்விட்டி ஒரு அறிவிப்பு செய்தார். பிரெஞ்சுக்காரர்களுக்கு எதிராகத் தாமாக முன்வந்து படையில் சேர்கிறவர்களுக்கு ஒஹாயோ பக்கத்தில் மொத்தம் 2 லட்சம் ஏக்கர் பிரித்துத் தரப்படும். அதன்பின் பதினைந்து வருடம் யாருக்கும் ஒரு ஏக்கர்கூடக் கிடைக்கவில்லை. 1769இல் ஆளுநரிடம் மனு போட்டு அந்த வாக்குறுதியைத் தூசு தட்டி எடுத்தவர் வாஷிங்டன்தான். அடுத்த வருடம் அக்டோபரில் க்ராஃபோர்டோடும் டாக்டர் ஜேம்ஸ் க்ரெய்க்கோடும் படகேறி, ஒஹாயோ ஆற்றில் கனாவா முகத்துவாரம் வரை போய் நிலத்தை நேரில் பார்த்தார். அளவை வேலை க்ராஃபோர்டுக்குப் போனது. மனு, சந்தா வசூல், கூட்டம், கணக்கு எல்லாவற்றையும் பெரும்பாலும் வாஷிங்டனே சுமந்தார். அந்த உழைப்பை மறைக்கக்கூடாது.

பங்கீடு பதவிப்படி நடந்தது. உயர் அதிகாரிக்கு 15,000 ஏக்கர், சாதாரணச் சிப்பாய்க்கு 400. இதோடு வாஷிங்டன் மற்றவர்களின் உரிமைகளையும் விலைக்கு வாங்கினார். 1770 ஜனவரியில் தம்பி சார்லஸுக்கு எழுதிய கடிதம் அந்த வேலையின் உள்பக்கத்தைக் காட்டுகிறது. பழைய அதிகாரிகள் தங்கள் பங்குக்கு என்ன விலை நினைக்கிறார்கள் என்று முதலில் வேடிக்கைப் பேச்சு போல விசாரித்துப் பார், வாங்கினால் உன் பெயரிலேயே வாங்கு, எனக்கு இதில் சம்பந்தம் இருப்பது யாருக்கும் தெரியவேண்டாம். நம் ஊர் பத்திரப்பதிவு அலுவலக வாசலில் நிற்கும் யாரைக் கேட்டாலும் இதற்குப் பினாமி என்று பெயர் சொல்வார்கள்.

தன் பங்கை விற்ற சிப்பாய்களுக்கு அந்த நிலம் எங்கே இருக்கிறது, எப்போது கிடைக்கும், கிடைக்குமா என்பதே தெரியாது. கையில் வரும் சில பவுண்டுகள் மேல் என்று விற்றார்கள். வாங்கியவருக்கு எல்லாம் தெரியும். சட்டப்படி இதில் குற்றமில்லை. ஆனால் ஒரு தளபதி தன் கீழே இருந்தவர்களிடம் நடந்துகொள்ள வேண்டிய முறை இதுவல்ல என்பது என் கருத்து.

கேள்வி: அவர் கோபமாகத் திட்டி எழுதிய கடிதம் ஒன்று உண்டாமே?

உண்டு. 1774 ஜனவரி 29 தேதியிட்டது. பெற்றவர் ஜார்ஜ் மியூஸ். 1754 படையில் வாஷிங்டனுக்குக் கீழே இருந்த அதிகாரி. தனக்கு நிலம் குறைவாக வந்திருக்கிறது என்று நினைத்து மியூஸ் ஒரு காரமான கடிதம் அனுப்பியிருந்தார். வாஷிங்டனின் பதில் முதல் வரியிலேயே சூடு. இந்தப் பேச்சை எனக்கு நேரே பேசியிருந்தால் என் கோபத்தின் அடையாளத்தை உன் மேல் பார்த்திருப்பாய். குடித்துவிட்டு எழுதினாய் என்று கேள்விப்படுகிறேன், குடிவெறி மரியாதைக்கேட்டுக்குச் சாக்கு ஆகாது. அப்புறம் கணக்குக்கு வருகிறார். செய்தித்தாளைப் பார்த்திருந்தால், 51,302 ஏக்கர் கொண்ட பெரிய தொகுதியில் உனக்கு 9,073 ஏக்கர் இருப்பது தெரிந்திருக்கும், மீதி ஒரு சிறிய தொகுதியில் இருக்கிறது. முடிவில், உன்னைப்போல நன்றிகெட்ட அழுக்கு ஆசாமிக்காகப் பாடுபட்டேனே என்பதுதான் என் வருத்தம் என்கிறார்.

நிதானத்துக்குப் பேர்போன மனிதர் இவர். பொதுவாழ்க்கைக் கடிதங்களில் ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டுத்தான் வைப்பார். நிலக்கணக்கில் தன் நாணயத்தைச் சந்தேகித்ததும் அந்த நிதானம் போய்விடுகிறது. திட்டிக்கொண்டே போனாலும் ஏக்கர் கணக்கு மட்டும் ஒற்றை எண்வரை சரியாக நிற்கிறது பாருங்கள். அதனால்தான் எனக்கு இந்தக் கடிதம் முக்கியமானது.

கேள்வி: அந்த நிலங்களில் இருந்த பூர்வகுடிகளைப் பற்றி அவர் என்ன நினைத்தார்?

அவரைப் பாராட்டி எழுதுகிற பலர் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டக்கூடாது.

தனிமனிதர்களாக அவர்களை அவர் அறிந்திருந்தார். 1770 பயணத்தில் ஒஹாயோ ஆற்றின் ஓரம் ஒரு வேட்டை முகாமில் செனெகா தலைவர் கையசூட்டாவைச் சந்திக்கிறார். பதினேழு வருடத்துக்கு முன், 1753இல், பிரெஞ்சுக் கோட்டைக்குத் தூது போனபோது கூட வந்தவர். பழைய பழக்கத்தில் அப்போதுதான் கொன்ற காட்டெருமையின் கால்பகுதியை கையசூட்டா இவர்களுக்குக் கொடுக்கிறார். வாஷிங்டன் அதை நாட்குறிப்பில் எழுதிவைக்கிறார். அதே பயணத்தில் அதே கரையில்தான் தனக்கு வேண்டிய நிலங்களையும் குறித்துக்கொண்டு போகிறார்.

கொள்கை என்று வரும்போது தொனி மாறுகிறது. 1783 செப்டம்பர் 7 அன்று ஜேம்ஸ் டுவேன் என்ற காங்கிரஸ் உறுப்பினருக்கு எழுதிய கடிதத்தில், போர் செய்து விரட்டுவதைவிட விலைகொடுத்து நிலத்தை வாங்குவதே சிக்கனம் என்று வாதிடுகிறார். நம் குடியேற்றம் மெல்ல மெல்லப் பரவினால் ஓநாய் பின்வாங்குவதுபோல அவர்களும் பின்வாங்குவார்கள், இரண்டும் உருவத்தில் மட்டுமே வேறுபட்ட கொடிய விலங்குகள் என்ற பொருளில் எழுதுகிறார். பச்சையான வாசகம். காலத்தின் வழக்கம் என்று சொல்லி அதை மெழுகிவிட எனக்கு மனம் வரவில்லை. கையசூட்டா கொடுத்த இறைச்சியைச் சாப்பிட்டவர் எழுதியது அது.

இதே கடிதத்தில் இன்னொன்றும் இருக்கிறது. மேற்கு நாட்டை நிலத்தரகர்களும் ஊகவணிகர்களும் ஏகபோகக்காரர்களும் மேய்ந்துவிட விடக்கூடாது என்று எச்சரிக்கிறார். கனாவாவில் ஆயிரக்கணக்கான ஏக்கர் வைத்திருந்தவர் இதை எழுதினார். தன்னை அவர் அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. போரில் உழைத்து, முறையாக அளந்து, பட்டா வாங்கிய நிலம் தன்னுடையது என்று அவர் உண்மையாகவே நம்பினார்.

கேள்வி: அப்படியானால் நிலத்துக்காகத்தான் சுதந்திரப் போரில் இறங்கினாரா?

அவ்வளவு சுருக்கிவிட முடியாது. வரி, பிரதிநிதித்துவம், பாஸ்டன் துறைமுகத்தை மூடியது என்று கோபத்துக்குக் காரணங்கள் பல. ஆனால் நிலமும் அந்தக் காரணங்களில் ஒன்று. 1775 வசந்த காலத்தில் ஆளுநர் டன்மோர், சர்வேயருக்கு முறையான தகுதி இல்லை என்று சொல்லி 1754 வாக்குறுதியின் கீழ் கொடுத்த பட்டாக்களை ரத்து செய்யப்போவதாகச் செய்தி வந்தது. அந்த சர்வேயர் க்ராஃபோர்ட்தான். ஏப்ரல் 3 அன்று வாஷிங்டன் டன்மோருக்கே எழுதி, இது உண்மையா என்று கேட்டார். அதே மாதம் 19ஆம் தேதி லெக்சிங்டனில் சுதந்திரப் போரின் முதல் துப்பாக்கி வெடித்தது. ஜூனில் அவர் தளபதி. பிரிட்டன் தோற்றதால் பட்டாக்கள் பிழைத்தன.

கேள்வி: தளபதியாக இருந்த எட்டு வருடம் நில வேலை நின்றுபோனதா?

பெரும்பாலும். மவுன்ட் வெர்னனைப் பார்த்துக்கொண்ட உறவினர் லண்ட் வாஷிங்டனுக்கு வாராவாரம் போல எழுதுவார். அதில் பக்கத்து நிலங்களை வாங்கும் பேச்சு வரும். மேற்கில் எதுவும் நகரவில்லை.

கேள்வி: 1784 பயணத்தில் ஆக்கிரமிப்பாளர்களோடு நடந்த தகராறு என்ன?

போர் முடிந்து வீடு திரும்பிய அடுத்த செப்டம்பரில், பல வருடமாகப் பார்க்காத நிலங்களைப் பார்க்கக் குதிரை ஏறினார். முதலில் கில்பர்ட் சிம்ப்சன் என்ற கூட்டாளியிடம் விட்டிருந்த பண்ணை. அங்கே பெரிய செலவில் கட்டிய மாவு மில் பழுதாகி நின்றது. ஏலத்தில் கேட்க ஆளில்லை.

அடுத்து மில்லர்ஸ் ரன். இன்றைய பென்சில்வேனியாவின் தென்மேற்கு மூலையில் 2,813 ஏக்கர். க்ராஃபோர்ட் அளந்து, 1774இல் பட்டா வாங்கிய நிலம். அதில் பிரிஸ்பிட்டேரியன் சபையிலிருந்து பிரிந்த ஒரு பிரிவைச் சேர்ந்த ஸ்காட்டிஷ் குடும்பங்கள் காடு வெட்டி, வீடு கட்டி, வேலி போட்டுப் பத்து வருடமாகப் பயிர் செய்துகொண்டிருந்தன. செப்டம்பர் 19 ஞாயிற்றுக்கிழமை. என் நிலத்தில் இருப்பவர்கள் பக்திமான்கள்போலத் தெரிகிறது, அதனால் நாளைக்குப் போவதே நல்லது என்று நாட்குறிப்பில் எழுதிவிட்டு அன்று போகவில்லை. மறுநாள் பேச்சுவார்த்தை. உங்கள் உரிமை செல்லும் என்று நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் வழக்கு வம்பு வேண்டாம் என்பதால் விலைக்கு வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். ஏக்கருக்கு 25 ஷில்லிங், மூன்று வருடத் தவணை, வட்டியோடு. இல்லையென்றால் 999 வருடக் குத்தகை என்றார் இவர். அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டபோது, நீதிமன்றத்திலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள்.

அவர் ஒரு கைக்குட்டையைத் தூக்கிக் காட்டிச் சபதம் செய்தார் என்று அந்தப் பக்கத்தில் ஒரு கதை வழங்குகிறது. அவருடைய நாட்குறிப்பில் அப்படி எதுவும் இல்லை.

வழக்கறிஞர் தாமஸ் ஸ்மித்துக்கு எழுதிய கடிதங்களில் இந்த வழக்கைத் தொடர்ந்து பார்க்கலாம். பட்டா எப்போது வந்தது, அளவை எப்போது நடந்தது, க்ராஃபோர்ட் முதலில் கட்டிய குடிசைக்கு யார் சாட்சி என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொடுக்கிறார். நாடே கொண்டாடிய மனிதர், ஆனாலும் உள்ளூர் நடுவர்கள் குடியிருப்பவர்கள் பக்கம் சாய்வார்களோ என்ற பயம் இருந்தது. 1786 அக்டோபரில் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. பத்து வருடம் கழித்து அந்த நிலத்தை 12,000 டாலருக்கு விற்றார்.

என் மனம் அந்தக் குடும்பங்களின் பக்கம்தான் போகிறது. உழைப்பு அவர்களுடையது, காகிதம் அவருடையது. அந்தக் காகிதத்துக்கும் முன்னால் அங்கே இருந்தவர்கள் இந்த வழக்கில் யாருடைய வாயிலும் வரவில்லை.

கேள்வி: நிலக் கடிதங்களுக்கும் அமெரிக்க அரசியலமைப்புக்கும் தொடர்பு உண்டா?

நேரான தொடர்பு உண்டு. 1784 பயணத்திலிருந்து திரும்பியதும், அக்டோபர் 10 அன்று வர்ஜீனியா ஆளுநர் பெஞ்சமின் ஹாரிசனுக்கு நீண்ட கடிதம் எழுதினார். மேற்கே குடியேறியவர்கள் ஒரு சுழல் அச்சின் மேல் நிற்கிறார்கள், ஒரு இறகு பட்டால் எந்தப் பக்கமும் திரும்பிவிடுவார்கள் என்கிறார். மிசிசிப்பி ஸ்பெயின் கையில், வடக்கே ஏரிகள் பிரிட்டன் கையில். அவர்களைக் கிழக்கோடு கட்டிவைக்க போடோமாக் ஆற்றை மேற்கு ஆறுகளோடு இணைக்கும் நீர்வழி வேண்டும் என்பது வாதம். அப்படி ஒரு வழி வந்தால் அவருடைய நிலமும் விலை ஏறும். பொதுநலமும் சொந்தநலமும் ஒரே வரியில் கலந்து நிற்கின்றன. இதில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

1785இல் போடோமாக் கம்பெனி உருவானது, அவர் தலைவர். ஆற்றைப் பொதுவாகக் கொண்ட வர்ஜீனியாவும் மேரிலாந்தும் அந்த மார்ச்சில் மவுன்ட் வெர்னனில் உட்கார்ந்து பேசின. அதன் தொடர்ச்சியாக 1786இல் அனாபொலிஸில் கூட்டம், 1787இல் அரசியலமைப்பை எழுதிய பிலடெல்பியா மாநாடு.

கேள்வி: கடைசியில் லாபம் பார்த்தாரா?

நிலம் நிறைய, காசு இல்லை. 1789 மார்ச்சில், ஜனாதிபதியாகப் பதவியேற்க நியூயார்க் போவதற்கு முன், கடன்களை அடைக்க அலெக்சாண்ட்ரியாவின் ரிச்சர்ட் கான்வேயிடம் 500 பவுண்டு கடன் கேட்டு எழுதினார். வட்டிக்குக் கடன் வாங்கும் நிலை வரும் என்று இரண்டு வருடத்துக்கு முன்புவரை நினைத்ததே இல்லை என்கிறார். பிறகு வழிச்செலவுக்கு இன்னும் 100 கேட்டார்.

வாடகை வராது. வந்தாலும் கோதுமையாக வரும். வரி கட்டவில்லை என்று நிலத்தை விற்கும் அபாயம் எப்போதும் இருந்தது. 1794 ஜூனில் ப்ரெஸ்லி நெவிலுக்கு எழுதியபோது, தூரத்து நிலத்தில் லாபத்தைவிடத் தொல்லைதான் அதிகம் என்பது பல வருட அனுபவம், மேற்கே உள்ளதையெல்லாம் நல்ல விலை கிடைத்தால் விற்றுவிடுகிறேன் என்று முடிவு சொல்கிறார். சிலவற்றை விற்றார். 1799 ஜூலையில் உயிலோடு இணைத்த பட்டியலில், மவுன்ட் வெர்னனைச் சேர்க்காமலே, 52,194 ஏக்கர் மீதி இருந்தது. அதில் ஒஹாயோ கரையில் மட்டும் 9,744 ஏக்கர், ஒவ்வொன்றும் 10 டாலர் என்று தன் கைப்படக் கணக்குப் போட்டிருக்கிறார்.

கேள்வி: இந்தக் கடிதங்களில் அடிமைகள் வருகிறார்களா?

வருகிறார்கள், பெரும்பாலும் கணக்கு வரியாக. சிம்ப்சனோடு போட்ட கூட்டுப் பண்ணைக்கு வாஷிங்டன் தரப்பிலிருந்து அடிமைகளும் போனார்கள். கனாவா நிலத்தில் வீடு கட்டி, காடு வெட்டி உரிமையை நிலைநாட்ட 1770களில் ஒப்பந்தக் கூலிகளை அனுப்பியபோது, சிலர் ஓடிப்போன செய்தி கடிதமாக வருகிறது. மலைக்கு அப்பால் கட்டாயத்தின் பேரில் போன இந்த மனிதர்கள் எழுதிய கடிதம் எதுவும் இந்தத் தொகுப்பில் இல்லை.

கேள்வி: கடிதங்கள் எப்படிப் பிழைத்தன? அச்சில் உள்ளதை நம்பலாமா?

வாஷிங்டன் தன் காகிதங்களைப் பத்திரமாகக் காத்தவர். போர் நடக்கும்போதே, 1781இல், ரிச்சர்ட் வாரிக் என்பவரை அமர்த்திப் போர்க்காலக் கடிதங்களைப் புத்தகங்களாக நகல் எடுக்கச் செய்தார். இளம் வயதுக் கடிதங்களைப் பின்னாளில் அவரே திருத்தி மறுபடி எழுதவைத்ததும் உண்டு. 1750களின் கடிதங்களைப் படிக்கும்போது இதை நினைவில் வைக்க வேண்டும். மனைவி மார்த்தாவோடு நடந்த கடிதப் போக்குவரத்து மட்டும் ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. மார்த்தா அதை எரித்துவிட்டார்.

19ஆம் நூற்றாண்டில் ஜேரட் ஸ்பார்க்ஸ் பதிப்பித்த தொகுப்பை எச்சரிக்கையோடு பயன்படுத்துங்கள். வாஷிங்டனின் பேச்சுவழக்கு கௌரவக் குறைவு என்று அவர் நினைத்தார். ஜெனரல் இஸ்ரேல் புட்னமை வாஷிங்டன் செல்லமாகக் கிழட்டுப் புட் என்று எழுதிய இடத்தில் ஜெனரல் புட்னம் என்று மாற்றினார். ஒரு தொகையைத் தெள்ளுப்பூச்சிக் கடி என்று சொன்ன இடத்தில், நம் தேவைக்குப் போதவே போதாது என்று எழுதிவிட்டார். கையெழுத்து சேகரிப்பவர்களுக்கு மூலத் தாள்களைத் துண்டாக வெட்டிக் கொடுத்தார் என்பது இன்னும் வேதனை.

இப்போது கவலை இல்லை. வர்ஜீனியா பல்கலைக்கழகம் 1968இல் தொடங்கிய பதிப்பு, எழுத்துப்பிழை உட்பட மூலத்தை அப்படியே தருகிறது. அதை அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் ஃபவுண்டர்ஸ் ஆன்லைன் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம்.

கேள்வி: வேறு தளபதிகளும் நில வியாபாரம் செய்தார்களா?

செய்தார்கள். ரூஃபஸ் புட்னம் 1786இல் ஒஹாயோ கம்பெனியைத் தொடங்கி, 1788இல் மரியட்டா ஊரை நிறுவினார். ஹென்றி நாக்ஸ் மெய்ன் பகுதியில் மனைவி லூசியின் குடும்பவழி வந்த வால்டோ நிலங்களைக் கையில் எடுத்து, கடனாளியாக 1806இல் இறந்தார். நாக்ஸின் காகிதங்கள் பத்தாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. 1777 ஆகஸ்டில் லூசி அவருக்கு எழுதிய கடிதம் ஒன்றைத் தவறவிடாதீர்கள். போர்க்களத்தில் தளபதியாக இருக்கலாம், வீட்டுக்கும் தளபதி என்று நினைத்துவிடாதே, சம அதிகாரம் என்று ஒன்று இருக்கிறது என்கிறார்.

கேள்வி: புதிதாகப் படிக்கிறவர் எங்கே தொடங்கலாம்?

1767இன் இரண்டு கடிதங்கள்: முதலில் போசிக்கு, பிறகு க்ராஃபோர்டுக்கு. அடுத்து 1770இல் சார்லஸுக்கு, 1774இல் மியூஸுக்கு, 1783இல் டுவேனுக்கு எழுதியவை. அதன்பின் 1784 செப்டம்பர் நாட்குறிப்பை முழுதாகப் படித்துவிட்டு ஹாரிசன் கடிதத்துக்கு வாருங்கள். தளத்தில் ஒவ்வொரு கடிதத்தின் கீழும் பதிப்பாளர் குறிப்பு இருக்கும். ஆள், இடம், பழைய அளவைகள் எல்லாம் அதில் விளங்கிவிடும். பக்கத்தில் பென்சில்வேனியா, மேற்கு வர்ஜீனியா வரைபடம் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, ஆறுகளின் பெயரை மட்டும் முதலில் பழகிக்கொண்டால் போதும்.